அந்திக்கு ஒரு தாச்சிச் சோறு: சமையல் தொடங்கும் பிள்ளைகளுக்கு

பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள் நான். கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகளும் புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அம்மாயி, அந்திக்கு லேசா என்ன சமைக்கலாம்?" நான் சொல்வது மரக்கறி போட்ட தாச்சிச் சோறு.

1. நாலு பேருக்கு இரண்டு சுண்டு சம்பா அரிசி, ஒரு கைப்பிடி மைசூர் பருப்பு போதும். இரண்டையும் கழுவி வடித்துவிட்டு, மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

2. தண்ணீர் அளவை ஊருக்கு ஊர் மாற்ற வேண்டும். பதுளை டவுனில் நாலரைச் சுண்டு சரி. அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 பாகையளவிலேயே கொதித்துவிடும். கொதி வந்துவிட்டதே என்று நம்பி இறக்கினால் அரிசி நடுவில் விறைப்பாக நிற்கும். அரைச் சுண்டு தண்ணீர் கூட்டுங்கள், ஐந்து நிமிடம் கூடுதலாக வையுங்கள். கீழ்நாட்டிலிருந்து மருமகளாக வந்தவர்கள் முதல் மாதம் சோற்றைக் கெடுப்பது இதனால்தான். அவர்களை ஏசாதீர்கள்.

3. கரட், போஞ்சி, உருளைக்கிழங்கு மூன்றையும் சின்னதாக, ஒரே அளவாக வெட்டுங்கள். லீக்ஸை நீளவாக்கில் பிளந்து மடலுக்கு மடல் கழுவுங்கள். மண் உள்ளேதான் ஒளிந்திருக்கும். பச்சைப் பகுதியை எறிய வேண்டாம், மணமே அதில்தான்.

4. தாச்சியில் தேங்காய் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கருவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை. பிறகு மஞ்சள். அரிசியையும் பருப்பையும் போட்டு, ஒவ்வொரு மணியிலும் எண்ணெய் படும்வரை பிரட்டுங்கள். அதன்பின் கரட், போஞ்சி, கிழங்கு, உப்பு, தண்ணீர்.

5. நெருப்புதான் பெரிய பாடம். கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாறு சட்டென்று பற்றும், சட்டென்று அடங்கும். கொதி வரும்வரை மிலாறு நல்லது. கொதித்த பிறகு அதை இழுத்துவிட்டு, தடித்த விறகின் தணலில் மூடி வையுங்கள். கேஸ் அடுப்பென்றால் ஆகக் குறைத்துவிடுங்கள். 2022இல் கேஸ் கிடைக்காமல் போனபோது, விறகடுப்பை மறக்காத வீடுகளில் சோறு வெந்தது. ஆகவே இரண்டும் பழகுங்கள்.

6. மூடியை ஒரே தடவைதான் திறக்க வேண்டும். தண்ணீர் அரிசி மட்டத்துக்கு வற்றியதும் அரிந்து வைத்த லீக்ஸையும் கொஞ்சம் கோவாவையும் மேலே தூவி மூடுங்கள். பத்து நிமிடத்தில் இறக்கி, திறக்காமல் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். கிண்டக் கூடாது, கிண்டினால் களியாகிவிடும்.

7. இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் தெரியுமா? 1974இல் எனக்குப் பன்னிரண்டு வயது. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்து, தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்த காலம் அது. எத்தனையோ குடும்பங்கள் வன்னிக்குப் போயின. எங்கள் காம்பராவில் கிடைத்த பிடி அரிசியோடு கீரையையும் பூசணிக்காயையும் போட்டு அம்மா ஒரே சட்டியில் பொங்கினார். அந்த அடுப்படியில்தான் நான் சமைக்கப் பழகினேன். இன்றைக்கு வெலிமடையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் லொறி லொறியாக மரக்கறி கொழும்புக்குப் போகிறது. அதே மலையில் இருக்கும் நம் பிள்ளைகள் அந்திக்கு வெறும் ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டுப் படுப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சந்தையில் விலை ஏறியிருந்தால் இரண்டு கரட் வாங்குங்கள், மிச்சத்துக்கு வீட்டோரத்துக் கீரை இருக்கிறது.

8. இது ஆம்பளைப் பிள்ளைகளுக்கு. நாள் முழுக்க மலையில் நின்று, கொழுந்து நிறுத்து, கூடையோடு இறங்கி வரும் அம்மா மறுபடி அடுப்புக்கு முன்னால் நிற்கிறாள். தம்பி, இந்தச் சோற்றுக்கு முக்கால் மணி நேரம் போதும். இன்றைக்கு அவள் வருமுன் நீ அரிசியைக் கழுவி அடுப்பில் வை.