பாலைவன ஊரின் பூங்காவும் ஆயக்குடிப் பிள்ளைகளும்
எட்டாம் வகுப்புக்கான ஒரு களப்பாடம்

"பாலைவனத்துல பூங்கா எப்படி டீச்சர் இருக்கும்?"

தார்ப் பாலைவனம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. பூங்கா என்றால் புல்தரை, ஊஞ்சல், நீரூற்று என்பதே பிள்ளைகள் மனத்தில் உள்ள படம். அந்தக் கேள்வியை நாங்கள் ஒரு வாரப் பாடமாக வளர்த்தெடுத்தோம். புவியியல், அறிவியல், தமிழ் மூன்றும் அதில் இணைந்தன. நம் ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே பகிர்கிறேன்.

கற்றல் நோக்கங்கள்

1. மழை குறைவதற்கான காரணங்களை ஒப்பிட்டு விளக்குதல்.
2. மண்ணுக்குரிய தாவரத்தையும் அயல் தாவரத்தையும் இனங்காணுதல்.
3. தம் ஊரின் பொதுவெளி யாருக்குப் பயன்படுகிறது என்று ஆராய்தல்.

தொடக்கம்: விளையாடும் இடங்களின் வரைபடம்

பாடநூலைத் திறக்கும் முன், ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்தேன். விடுமுறை நாளில் வெளியே சென்று பொழுது கழிக்கும் இடங்களைக் குறிக்கச் சொன்னேன். பையன்களின் தாளில் வாய்க்கால், குளத்துக் கரை, கொய்யாத் தோப்பு, பொட்டல், வரதமாநதி அணை என்று ஊரே இருந்தது. பெண்பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டுத் திண்ணையையும் கோயிலையும் மட்டுமே குறித்திருந்தனர். "பள்ளிக்குப் பக்கத்துப் புறம்போக்குக்குப் போவதில்லையா?" என்று கேட்டேன். "அங்க முள்ளா கிடக்கு டீச்சர். பாம்பு இருக்கும்னு அம்மா விடமாட்டாங்க" என்றார்கள். இந்தப் பாடத்தின் உண்மையான தொடக்கம் அந்தப் பதில்தான்.

ஒப்பீடு: இரண்டு மலைகள், இரண்டு வறட்சிகள்

ஆயக்குடிக்குத் தெற்கே பழனி மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால் நம் சமவெளி மழை மறைவுப் பகுதியாகிறது. நமக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஆண்டு மழை ஜோத்பூரில் ஏறத்தாழ 350 முதல் 400 மி.மீ. திண்டுக்கல் மாவட்டச் சராசரி அதைப்போல் இருமடங்கை ஒட்டியது. ஆனால் அங்கே வறட்சிக்குக் காரணம் வேறு. ஆரவல்லி மலைத்தொடர் அரபிக்கடல் காற்றின் திசைக்கு இணையாகக் கிடப்பதால் காற்று தடையின்றிக் கடந்துவிடுகிறது. இங்கே மலை குறுக்கே நிற்பதால் மழை குறைவு. அங்கே மலை குறுக்கே நில்லாததால் மழை குறைவு. பலகையில் இரண்டு படங்களையும் அருகருகே வரைந்தால் பிள்ளைகள் தாமே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தமிழாசிரியர் இவ்விடத்தில் உதவினார். முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் இயல்பு கெட்டால் பாலையாகும் என்ற சிலப்பதிகாரக் கருத்தை அவர் விளக்கினார். மலையடிவாரத்தில் வாழும் எங்கள் பிள்ளைகளுக்கு அது தம் ஊரைப் பற்றிய எச்சரிக்கையாகவே பட்டது.

நிகழ்வு ஆய்வு: ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா

ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டையை ஒட்டி ஏறத்தாழ 70 ஹெக்டேர் பாறை நிலம் உள்ளது. எரிமலைச் செயல்பாட்டால் உருவான பாறைகள் அவை. அந்நிலம் முழுவதும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. 1930களில் அரசர் ஆணைப்படி விமானத்திலிருந்து விதை தூவப்பட்டது என்று கூறப்படுகிறது. 2006இல் மெஹ்ரான்கர் அருங்காட்சியக அறக்கட்டளை அந்நிலத்தை மீட்கத் தொடங்கியது. சுற்றுச்சூழலாளர் பிரதீப் கிஷன் பணியை வழிநடத்தினார்.

மேலே வெட்டினால் சீமைக் கருவேலம் மீண்டும் துளிர்க்கும். பாறை இடுக்கில் இறங்கிய வேர்க்கட்டையை எடுப்பது எப்படி? விடை தந்தவர்கள் மரபுவழிக் கல்லுடைக்கும் தொழிலாளர்கள். பாறையைத் தட்டி, அதன் ஓசையைக் கொண்டே எங்கே உளி வைக்கலாம் என்று அறிந்தவர்கள் அவர்கள். வேரை எடுத்த குழிகளிலேயே அப்பகுதிக்குரிய செடிகள் நடப்பட்டன. 2011இல் பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. புல்தரை போடவில்லை, பாலைக்குரிய செடிகளும் பாறைகளும் நடைபாதைகளுமே அங்கு காட்சி. "அப்போ, முள்ளுச்செடி இருந்தாலும் பூங்காதானா டீச்சர்?" என்று அந்த மாணவி மறுபடி கேட்டாள். எந்த முள் என்பதுதான் கேள்வி என்றேன்.

களச்செயல்பாடு: முள்ளைப் படித்தல்

ராஜஸ்தானின் மாநில மரமான கேஜ்ரி நம் வன்னி மரமே. விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்பதும் அதுவே. 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி ஊரில் இம்மரங்களைக் காக்க பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர் கொடுத்தனர். வன்னிக்கும் சீமைக் கருவேலத்துக்கும் நெருங்கிய உறவுண்டு. ஆனால் நிலத்தில் அவற்றின் நடத்தை வேறு. குழுவுக்கு ஐந்து பேராகப் பிரித்து, பின்வருவனவற்றை நோக்கச் செய்யலாம்.

* முள் எங்கே உள்ளது? சீமைக் கருவேலத்தில் இலைக்கணுவில். வன்னியில் கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டில்.
* பூ எப்படி? சீமைக் கருவேலத்தில் நீண்ட கதிர். நாட்டுக் கருவேலத்தில் மஞ்சள் உருண்டை.
* ஆட்டுப்பட்டி அருகே முளைத்துள்ள கன்றுகள் எவை? நெற்றைத் தின்ற ஆடு விதையைப் புழுக்கையில் பரப்புவதை இங்கே காணலாம்.
* இருபுறமும் திறந்த தகரக் குவளையை மண்ணில் அழுத்தி, ஒரு லிட்டர் நீர் ஊற்றி, உறிஞ்சப்படும் நேரத்தைக் குறிக்கவும். மரநிழலிலும் பொட்டலிலும் செய்து ஒப்பிடவும்.

கவனம்: தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் தேவை. காலை 10 மணிக்குள் முடிக்கவும். காலணி, குடிநீர் கட்டாயம். எருக்கின் பால் கண்ணில் படக்கூடாது. கிணறு, அணை, வாய்க்கால் ஓரங்களைத் தவிர்க்கவும்.

கலந்துரையாடல்: எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா?

களத்திலிருந்து திரும்பியதும் வகுப்பு ஒரே குரலில் "வெட்டணும்" என்றது. பின்வரிசையில் ஒரு மாணவன் மட்டும் பேசவில்லை. தனியே கேட்டபோது, "எங்கப்பா அந்த விறகு வெட்டித்தான் டீச்சர் விக்கிறாரு" என்றான். நான் தயாரித்து வைத்திருந்த முடிவுரையை அன்று சொல்லவில்லை. அவன் ஒப்புதலுடன் மறுநாள் அக்கேள்வியையே வகுப்பின் முன் வைத்தேன். மரம் போனால் பிழைப்பு என்னாகும்? வேரோடு எடுக்கும் வேலைக்கே அவர்களை அமர்த்தலாமே என்று ஒரு குழு சொன்னது. ஜோத்பூரில் கல்லுடைப்போரின் அறிவு பயன்பட்டதை அவர்களே எடுத்துக்காட்டினார்கள். தமிழ்நாடு அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றி வாழிடத்தை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டுள்ளது. அதையும் இங்கே பேசலாம்.

மதிப்பீடு

தேர்வுத்தாளுக்குப் பதில், பள்ளியருகே உள்ள ஒரு நிலத்துக்குத் திட்டம் வரையச் சொன்னேன். மூன்று கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும்: எதை அகற்றுவோம், எதை நடுவோம், யார் வந்து அமர்வார்கள்?

ஊராட்சியாரின் இசைவோடும் பெற்றோரின் கடப்பாரையோடும் புறம்போக்கின் ஒரு மூலையை மட்டும் துப்புரவு செய்தோம். பின்வரிசை மாணவனின் தந்தையும் கூலிக்கு வந்தார். எந்தக் கட்டை துளிர்க்கும், எது துளிர்க்காது என்று பிள்ளைகளுக்குக் காட்டியவர் அவரே. அவசரத்தில் மேலோடு வெட்டிய இடங்களில் மழைக்குப் பின் மீண்டும் துளிர்த்தது. ஆழத் தோண்டிய இடங்களில் துளிர்க்கவில்லை. நட்ட கன்றுகளில் பல கோடையில் கருகின. ஒரு வன்னியும் இரண்டு புங்கமும் பிழைத்துள்ளன.

இந்த ஆண்டும் அதே வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். பெண்பிள்ளைகள் சிலரின் தாளில் திண்ணை, கோயில் தவிர மூன்றாவதாக ஒரு புள்ளி இருந்தது. "மரத்தடி" என்று எழுதியிருந்தார்கள். நிழல் இன்னும் விழவில்லை. ஆனாலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.