முட்டைக் கரண்டிக்கு ஏன் தங்க முலாம்?

மாணவர்களே, இங்கிலாந்தின் பழைய வெள்ளிப் பாத்திரங்களில் முட்டை உண்ணும் சிறு கரண்டிகளைக் கவனியுங்கள். பலவற்றின் குழிப்பகுதியில் மட்டும் தங்க முலாம் பூசியிருக்கும். அது வெறும் அலங்காரமன்று.

தூய வெள்ளி மென்மையானது. ஆகவே, 92.5 விழுக்காடு வெள்ளியுடன் பெரும்பாலும் செம்பைக் கலந்து உறுதியாக்குவர். இதுவே ஸ்டெர்லிங் வெள்ளி. இத்தரத்தை 1300-ஆம் ஆண்டில் மன்னர் முதலாம் எட்வர்டின் சட்டம் கட்டாயமாக்கியது. 1544 முதல் நடக்கும் சிங்கத்தின் உருவமும் தர முத்திரையாகப் பொறிக்கப்பட்டது.

முட்டையில் கந்தகச் சேர்மங்கள் உள்ளன. அவை வெள்ளியுடன் வினைபுரிந்து வெள்ளி சல்பைடு என்னும் கரும்படலத்தை உண்டாக்கும். காற்றில் சிறிதளவு கலந்துள்ள ஹைட்ரஜன் சல்பைடும் அப்படித்தான். தங்கமோ எளிதில் வினைபுரியாது.

கறையைத் தேய்த்து அகற்றலாம். ஆனால், படலத்திலுள்ள வெள்ளியும் சேர்ந்தே போய்விடும். தலைமுறை தலைமுறையாகத் தேய்த்தால் முத்திரையே மழுங்கும். பொருளின் வயதும் அதைச் செய்தவரின் அடையாளமும் மறையும்.

வெள்ளியை இழக்காத வழியும் உண்டு. சமையல் சோடா கரைத்த வெந்நீரில், அலுமினியத் தாளைத் தொடும்படி வெள்ளிப் பொருளை வைக்க வேண்டும். அலுமினியம் எலெக்ட்ரான்களை இழக்கும்; வெள்ளி சல்பைடு அவற்றைப் பெற்று மீண்டும் வெள்ளியாகும். முலாம் பூசியவை, கைப்பிடி ஒட்டியவை, விலைமதிப்புள்ள பழம்பொருள்கள் ஆகியவற்றில் இதைச் செய்யாதீர்கள். அவற்றை வல்லுநரிடம் விடுங்கள்.

சிந்தியுங்கள்: அலுமினியத் தாளுக்குப் பதிலாகத் தங்கத் தாளை வைத்தால் கறை நீங்குமா? ஏன்?