சூரியனைத் தாங்கும் சமநிலை

நாள்தோறும் உதித்து மறையும் சூரியன் மண்ணும் கல்லும் கொண்ட பூமியைப் போன்றதன்று. அது வெப்பமேறிய வாயுக் கோளமாகும். பூமியைப் போல் ஏறத்தாழ 333,000 மடங்கு திணிவுடைய அக்கோளம் சிதறிப் போகாமலும், தனக்குள்ளேயே ஒடுங்கிவிடாமலும் சுமார் 460 கோடி ஆண்டுகளாக நிலைத்திருப்பது எவ்வாறு? திணிவு, சக்தி, ஈர்ப்பு ஆகிய மூன்றும் சமநிலையில் நிற்பதே காரணமாகும்.

திணிவுள்ள பொருள்கள் யாவும் ஒன்றையொன்று ஈர்க்கும். சூரியனின் ஒவ்வொரு பகுதியும் ஏனைய பகுதிகளை ஈர்ப்பதனால் அதன் திணிவு முழுவதும் மையத்தை நோக்கி அமுக்குகின்றது. மையத்தின் வெப்பநிலை சுமார் ஒன்றரைக் கோடி பாகை செல்சியஸ் ஆகும். அங்கே ஒவ்வொரு செக்கனிலும் ஏறத்தாழ 60 கோடி தொன் ஐதரசன் ஈலியமாக மாறுகின்றது. அப்போது சுமார் 40 இலட்சம் தொன் திணிவு சக்தியாக வெளிப்படுகின்றது. திணிவு சக்தியாக மாறக்கூடியது என்பதை 1905 ஆம் ஆண்டிலேயே ஐன்ஸ்ரைன் எடுத்துரைத்தார். இச்சக்தியினால் உண்டாகும் வெப்பமே வாயுவை வெளிநோக்கித் தள்ளி, உள்நோக்கி இழுக்கும் ஈர்ப்புக்கு ஈடுகொடுக்கின்றது.

பொங்கற் பானை பொங்கி வழியாதிருக்க ஒருவர் அருகிலிருந்து விறகைத் தள்ளியும் இழுத்தும் பார்த்துக்கொள்ள வேண்டும். சூரியனுக்கு அது வேண்டியதில்லை. மையத்தில் வெப்பம் மிஞ்சினால் வாயு விரிந்து குளிர்கின்றது. ஐதரசன் மாறும் வேகம் குறைகின்றது. வெப்பம் குறைந்தால் ஈர்ப்பு அதனைச் சுருக்குகின்றது. வெப்பமும் வேகமும் மீண்டும் கூடுகின்றன.

எனினும் இச்சமநிலை என்றைக்கும் உரியதன்று. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் மையத்தின் ஐதரசன் தீர்ந்துபோகச் சூரியன் முதலிற் பெருத்து, முடிவில் பூமியளவான வெண்குறுமீனாகச் சுருங்கும். வெண்குறுமீன் தாங்கக்கூடிய திணிவுக்கும் ஓர் எல்லை உண்டு. லாகூரில் தமிழ்க் குடும்பமொன்றில் 1910 இல் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930 இல் இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும்போது தமது 19 ஆவது வயதில் இவ்வெல்லையைக் கணிக்கத் தொடங்கினார். அது சூரியனின் திணிவைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்காகும். அதற்கு மேற்பட்டால் வெண்குறுமீன் ஈர்ப்பைத் தாங்கமாட்டாது. 1935 இல் புகழ்பெற்ற வானியலறிஞர் எடிங்டன் இம்முடிவை இலண்டன் சபையிலே வெளிப்படையாக மறுத்தார். சந்திரசேகர் வாதத்தில் காலங்கழிக்காது ஆய்வைத் தொடர்ந்தார். அவரது கணிப்பே சரியென உலகம் ஏற்றது. 1983 இல் நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தது.

முற்றத்தில் காயும் நெல்லின்மீது விழும் வெயில், சூரியனின் மேற்பரப்பை விட்டுப் புறப்பட்டு எட்டு நிமிடங்களுக்குச் சற்று மேலாகின்றது. அந்த நெல்லும் அதனை உண்ணும் உயிர்களும் வாழ்வது இச்சமநிலை பிசகாதிருப்பதனாலேயே ஆகும்.