சேர்க்கையால் அமையும் வாழ்க்கை

எந்தக் குழந்தையும் நல்லது கெட்டது அறிந்து பிறப்பதில்லை. அது பேசும் மொழி, உண்ணும் முறை, கும்பிடும் விதம், கோபம் வந்தால் வாயில் வரும் வார்த்தை ஆகிய யாவும் அருகில் இருப்பவர்களிடமிருந்தே அதற்குக் கிடைக்கின்றன. இதற்குச் சான்று தேடிப் பலாபத்வலவை விட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை. வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளை அயல்வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு சில மாதங்கள் பந்து விளையாடினாற் போதும். புத்தகமும் இல்லாமல், ஆசிரியரும் இல்லாமல் சிங்களம் பேசத் தொடங்கிவிடுகின்றது. ஒரு மொழியே இவ்வாறு ஒட்டிக்கொள்ளுமானால், குணமும் பழக்கமும் ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை.

இதனை நன்குணர்ந்த திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஓர் அதிகாரத்தோடு நிறுத்தவில்லை. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களை வைத்தார். அதற்கு முன்னரே பெரியாரைத் துணைக்கோடல், சிற்றினம் சேராமை என 45ஆம், 46ஆம் அதிகாரங்களையும் அமைத்தார். யாரோடு சேர வேண்டும், யாரை விட்டு விலக வேண்டும் என்பது வாழ்க்கைக்கு அத்துணை முக்கியமானது எனக் கொள்ளலாம்.

தம்பியை உருவாக்கிய தமக்கை

உறவினர் ஒருவர் இன்னொருவரின் வாழ்வை எவ்வாறு அமைக்கின்றார் என்பதற்குச் சைவ உலகம் போற்றும் சிறந்த சான்று, சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்தில் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே புகழனார், மாதினியார் தம்பதியருக்குத் திலகவதியார் என்ற மகளும் மருள்நீக்கியார் என்ற மகனும் பிறந்தனர். திலகவதியாரைக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு மணம் பேசினர். திருமணம் நிறைவேறுமுன் அவர் அரசன் ஏவலால் போருக்குச் சென்றார். இந்நிலையில் தந்தையார் காலமானார். கணவரைப் பிரிய மனமில்லாத தாயாரும் உயிர் நீத்தார். அதன்பின் கலிப்பகையாரும் போர்க்களத்தில் வீழ்ந்தார் என்ற செய்தி வந்தது.

திலகவதியார் தாமும் உயிர் விடத் துணிந்தார். அப்பொழுது தம்பி அவர் காலில் விழுந்து, தாய் தந்தையரை இழந்த பின்னரும் அக்காவை எண்ணியே தாம் உயிரோடு இருப்பதாகவும், அவரும் போவதாயின் அவருக்கு முன் தாம் போய்விடுவதாகவும் கூறி அழுதார். தம்பிக்காக அந்த அம்மையார் உயிர் தாங்கினார். ஆகவே இங்கு தமக்கை தம்பியைக் காத்தார் என்பது பாதி உண்மையே. முதலில் தமக்கையைக் காத்தவர் அச்சிறுவரே.

தம்பி வளர்ந்து, உண்மை தேடிச் சமண சமயத்தைச் சேர்ந்தார். பாடலிபுத்திரத்தில் சமண நூல்களைக் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை நிலையும் பெற்றார். அக்காவோ திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். விடியுமுன் எழுந்து திருக்கோயிலைக் கூட்டினார், சாணமிட்டு மெழுகினார், பூக் கொய்து மாலை கட்டினார். தம்பியைத் தேடிச் சென்று அவர் வாதாடவில்லை. தம்பியை மீட்டுத் தருமாறு இறைவனையே வேண்டிக்கொண்டார்.

பின்னர் தருமசேனரைக் கொடிய சூலை நோய் பற்றியது. எந்த வைத்தியமும் பலிக்கவில்லை. வேதனையின் உச்சத்தில் அவருக்கு நினைவு வந்தவர் அக்கா ஒருவரே. ஆள் அனுப்பினார். தாம் அங்கு வருவதற்கில்லை என்று திலகவதியார் மறுமொழி அனுப்பினார். ஆயினும் தம்பி தாமே இரவோடிரவாக வந்து காலில் விழுந்தபோது, சென்ற காலத்தைச் சொல்லிக் கடிந்துகொள்ளவில்லை. திருநீறு கொடுத்துத் திருக்கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அங்கே பாடிய முதற் பதிகத்தோடு நோய் நீங்கியது. மருள்நீக்கியார் திருநாவுக்கரசர் ஆனார்.

பிற்காலத்தில் அப்பர் சுவாமிகள் தலந்தோறும் சென்றபொழுது அவர் திருக்கரத்தில் இருந்தது உழவாரப்படை. பதிகம் பாடியதோடு நில்லாது, கோயில் வீதிகளில் முளைத்த புல்லையும் செதுக்கினார். அக்காவின் கையில் விளக்குமாறு, தம்பியின் கையில் உழவாரம். அக்கா நாள்தோறும் செய்ததைத் தம்பி ஆயுள் முழுவதும் செய்தார். உறவினர் சொல்லும் புத்திமதியை விட, அவர்கள் செய்யும் காரியமே பிள்ளையின் உள்ளத்தில் தங்குகின்றது என்பது இதனால் விளங்கும்.

காந்தியடிகளும் நண்பரும்

நட்பின் பக்கத்தைப் பார்க்க, 1927ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்து கண்டி உட்படப் பல ஊர்களில் உரையாற்றிய மகாத்மா காந்தியின் இளமைக்காலம் உதவும். அதனை அவரே தமது சத்திய சோதனை நூலில் மறைக்காமல் எழுதியுள்ளார். பேய்க்குப் பயந்த சிறுவனுக்கு இராம நாமத்தைச் சொல்லிக் கொடுத்தவர் வீட்டில் வேலை செய்த ரம்பா என்னும் மூதாட்டி. விரதத்தின் உறுதியைக் காட்டியவர் தாயார் புத்லிபாய்.

இத்தகைய வீட்டில் வளர்ந்தவரையும் உயர்தரப் பள்ளிக் காலத்தில் ஒரு நண்பரின் சேர்க்கை மாற்றியது. தாயும் மூத்த அண்ணனும் மனைவியும் எச்சரித்தார்கள். நண்பரின் குறை தமக்குத் தெரியும் என்றும், அவரால் தம்மைக் கெடுக்க முடியாது, தாமே அவரைத் திருத்தப் போவதாகவும் காந்தி பதில் சொன்னார். முடிவில் திருந்தியது நண்பர் அல்லர். காந்திதான் வீட்டாருக்குத் தெரியாமல் இறைச்சி உண்டு, தாயிடம் பசியில்லை என்று பொய் சொல்ல நேர்ந்தது. அந்தப் பொய்யே அவர் மனத்தை உறுத்தியது. பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை இறைச்சி உண்பதில்லை என நிறுத்திக்கொண்டார்.

1888ஆம் ஆண்டு சட்டம் படிக்க இங்கிலாந்து செல்லுமுன், மது, மாது, மாமிசம் மூன்றையும் தீண்டுவதில்லை எனத் தாயாரிடம் சத்தியம் செய்தார். அச்சத்தியத்தை முறைப்படி செய்வித்தவர் குடும்பத்துக்கு வேண்டிய ஒரு சமணத் துறவியார். நல்ல துணை எந்தச் சமயத்திலிருந்தும் வரலாம் என்பதற்கு இதுவும் ஒரு சான்று. இலண்டனில் ஒரு நண்பர் இறைச்சி உண்ணும்படி ஓயாது வற்புறுத்தியபோதும், பசியோடு இருந்தாரேயன்றித் தாய்க்குக் கொடுத்த வாக்கைக் கைவிடவில்லை. கடல் கடந்து சென்ற மகனோடு தாயின் சொல்லும் உடன் சென்றது.

இன்றைய பிள்ளைகள்

இன்று தோட்டப் பகுதிகளிலும் அயற்கிராமங்களிலும் பல வீடுகளில் தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் பணிப்பெண்ணாக இருக்கின்றார். தந்தை கொழும்பில் வேலை. பாட்டியின் பொறுப்பில் பிள்ளை. சந்தியிலே நிற்கும் கூட்டமும் கைத்தொலைபேசியில் வரும் முகம் தெரியாத நண்பர்களும் அப்பிள்ளையோடு செலவிடும் நேரம், பெற்றோர் செலவிடும் நேரத்தை விட அதிகம். முதல் சிகரெட்டும் முதல் போதைப்பொருளும் பெரும்பாலும் எதிரியின் கையிலிருந்து வருவதில்லை. நண்பனின் கையிலிருந்தே வருகின்றன. “நான் கெட்டுப்போக மாட்டேன், அவனைத் திருத்துவேன்” என்று சொல்லும் இளைஞர், காந்தியடிகளுக்கே அது கைகூடவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதேவேளை, தாய் தந்தை அருகில் இல்லை என்பதால் அப்பிள்ளையின் எதிர்காலம் போயிற்று என முடிவு செய்வதும் தவறு. மருள்நீக்கியாருக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. ஓர் அக்கா மாத்திரமே இருந்தார். அது போதுமாயிருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அவ்வாறு ஒருவர் தேவை. அவர் பாட்டியாகவோ, சித்தப்பாவாகவோ, அறநெறிப் பாடசாலை ஆசிரியராகவோ, அடுத்த வீட்டு அண்ணனாகவோ இருக்கலாம்.

பெரியோர் செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. பிள்ளையின் நண்பர்களுடைய பெயரை அறிந்திருத்தல், அவர்களை வீட்டுக்கு அழைத்து ஒரு கோப்பை தேநீர் கொடுத்தல், நாளில் ஒரு வேளையாவது ஒன்றாக அமர்ந்து உண்ணுதல், வெள்ளிக்கிழமையில் கோயிலுக்குப் பிள்ளையைக் கூட்டிச் செல்லுதல், அங்கே விளக்குமாறு எடுத்தால் பிள்ளையின் கையிலும் ஒன்றைக் கொடுத்தல். வெளிநாட்டிலிருக்கும் தாய் தொலைபேசியில் பேசும்போது பணக் கணக்கோடு நிறுத்தாமல், இன்று யாரோடு விளையாடினாய் என்றும் கேட்கலாம்.

வழி தவறிய பிள்ளை ஒரு நாள் வாசலில் வந்து நின்றால், பழையதைக் கிளறாமல் கதவைத் திறக்க வேண்டும். அன்று திருவதிகையில் அந்த அம்மையார் ஏசி விரட்டியிருந்தால், சைவ உலகுக்கு அப்பரும் கிடைத்திருக்க மாட்டார், அவர் தேவாரமும் கிடைத்திருக்காது.

நல்லோர் சேர்க்கை எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்க்கவும், பிறருக்கு நல்ல சேர்க்கையாக வாழும் மனம் பெரியோர் யாவருக்கும் அமையவும் எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பாராக.

மேன்மைகொள் நெறி ஊரெங்கும் தழைக்கட்டும்!