'அகதி' என்னும் சொல்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

இயற்பியல் மாணவன் சொல்லாராய்ச்சியில் இறங்குவது நாற்றங்காலில் கன்றுக்குட்டி இறங்கியது போல என்று தமிழ்த்துறைப் பேராசிரியப் பெருமக்கள் எண்ணக்கூடும். பொறுத்தருள வேண்டுகிறேன். ஒரு சொல் சென்ற ஆண்டு முதலாக என்னை விடாமல் துரத்தி வருகிறது.

விடுதி உணவுக்கூடத்தில் அன்று இரவு கூட்டம் மிகுதி. தட்டை ஏந்தி வரிசையில் நின்ற நான், "என்னடா இது, அகதி முகாம் மாதிரி இருக்கு!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முன்னால் நின்ற வகுப்புத் தோழன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் திருச்சி மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். எனக்கு அது தெரியும். ஆனால் அந்த நொடியில் நினைவில் இல்லை. "முகாம்ல யாரும் தட்டு ஏந்தி நிக்கிறதில்லடா. அவங்கவங்க வீட்ல சமைச்சுத்தான் சாப்பிடுறோம்" என்றான். அவ்வளவுதான். மறுநாள் நான் நூலகத்திற்குப் போய் அகராதியைப் புரட்டினேன்.

'அகதி' வடசொல். அ + கதி. 'கதி' என்றால் செல்லுதல், இயக்கம், வழி, நிலை, புகலிடம் எனப் பல பொருள். நம் பேச்சில் இச்சொல் எங்கும் கலந்து கிடக்கிறது. "நீயே கதி" என்கிறோம். அதோகதி, நிர்க்கதி என்கிறோம். தவில் வித்துவான் திசிர கதி, சதுசிர கதி என்கிறார். நேர்பொருள் கொண்டால் 'அகதி' இயக்கமற்றது என்றாகும். ஆனால் உலகத்தில் அகதியைப் போல் அலைந்து திரிபவர் யார்? ஆகவே இங்குக் 'கதி' என்பதற்குச் சேருமிடம் என்று பொருள் கொள்வதே பொருந்தும். இயக்கம் இருக்கிறது, போய்ச் சேர இடந்தான் இல்லை.

இதனைத் தோழனிடம் சொன்னபோது அவன் ஒரு புதுச் செய்தி சொன்னான். நாம் 'வேகம்' என்பதை இலங்கைப் பாடநூல்களில் 'கதி' என்றும், நாம் 'திசைவேகம்' என்பதை 'வேகம்' என்றும் எழுதுவார்களாம். நம் 'முடுக்கம்' அங்கே 'ஆர்முடுகல்'. ஒன்பதாம் வகுப்பில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அவன் அம்மா 'கதி' என்றே சொல்வார்களாம். பள்ளியில் அப்படியே எழுதி மதிப்பெண் இழந்ததுண்டாம்.

பிற மொழிகள் இந்த மனிதனை வேறு வேறு பக்கத்திலிருந்து பார்க்கின்றன. 1685-இல் பிரான்சு மன்னன் பதினான்காம் லூயி, புராட்டஸ்டண்டு மக்களுக்கு வழிபாட்டுரிமை அளித்திருந்த நாந்து ஆணையை நீக்கினான். அப்போது தப்பி ஓடிய மக்களோடு ஆங்கிலத்திற்கு வந்த சொல் 'ரெஃப்யூஜி'. அதனுள்ளே புகலிடம் இருக்கிறது. இந்தியில் 'சரணார்த்தி', சரண் வேண்டுபவன். வங்காளியர் 1947-க்குப் பின் கிழக்கிலிருந்து வந்தோரை 'உத்பாஸ்து' என்றனர். நாம் மனைக்குப் பார்க்கும் வாஸ்துதான் அது, மனையிலிருந்து பெயர்க்கப்பட்டவன் என்று பொருள். ஈழத்து எழுத்தாளர் பலர் ஆளும் 'ஏதிலி' தனித்தமிழ். ஆனால் திருக்குறளில் 'ஏதிலார்' என்றால் அயலார் என்றே பொருள். அகதியைத் தமிழாக்கப் போய் அயலான் ஆக்கிவிடுகிறோமோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. அறிஞர்கள் விளக்குவார்களாக.

'தஞ்சம்' என்ற சொல்லைப் பற்றியும் சிறிது கூற வேண்டும், நம் ஊர்ப் பெயரை அதனோடு இணைப்பாரும் உளராதலால். தொல்காப்பியம் 'தஞ்சம்' என்பதற்கு எளிமை என்று பொருள் கூறுகிறது. புகலிடம் என்பது நாம் இன்று கொள்ளும் பொருள். தஞ்சன் என்ற அசுரனால் ஊர் பெயர் பெற்றது என்பது தலபுராணக் கதை. தண் செய், அதாவது குளிர்ந்த வயல் என்பாரும் உண்டு. எனக்குப் பிடித்தது வயல்தான்; ஆயினும் பிடித்திருப்பது சான்றாகிவிடாது.

இனி எங்கள் வீட்டு வழக்கு. என் தாத்தாவின் அண்ணன் பண்ணையில் பட்ட கடன் தீராமல் ஓரிரவில் நாகப்பட்டினம் போய்ப் பினாங்குக் கப்பல் ஏறியவர். பண்ணை வீட்டில் அவர் பெயர் 'ஓடிப்போனவன்'. எங்கள் தெருவில் அவர் 'பினாங்குக்காரர்'. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன் வேலையை விட்டுப் போவதையே 'ஓடிப்போவது' என்றுதான் சொல்வார்களாம். நடந்து போனாலும் அப்படித்தான் என்று அப்பாயி சொல்லும்.

அதே அப்பாயி வாயில்தான் 'அகதி' என்ற சொல்லையும் முதன்முதலாகக் கேட்டேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான், எங்கள் கூரை பறந்துபோனபின் என் வகுப்பறையிலேயே பல நாள் படுத்துத் தூங்கினேன். "அகதிக்கு ஆகாயமே துணைன்னு ஆகிப்போச்சே" என்று அப்பாயி அழுதது. சட்டப்படி நாங்கள் அகதிகள் அல்லர். 1951-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி இனம், மதம், நாட்டினம், சமூகப் பிரிவு, அரசியல் கருத்து ஆகியவற்றால் கொடுமைக்கு ஆளாவோம் என்று தக்க காரணத்தோடு அஞ்சித் தன் நாட்டு எல்லையைக் கடந்து நிற்பவரே அகதி. புயலுக்கு அதில் இடமில்லை. இந்தியா அதில் கையெழுத்திடவும் இல்லை.

எல்லை என்பதைத் தோழனின் அம்மா எனக்கு இன்னும் எளிதாக விளக்கினார்கள். ஒரு ஞாயிறு நான் முகாமுக்குப் போயிருந்தேன். 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அம்மாவும் அதில் நடந்தவர்களே. "அதை நாங்கள் இடப்பெயர்வு எண்டுதான் சொல்லுறது தம்பி. கடல் தாண்டினாப் பிறகுதான் அகதி" என்றார்கள். ஜெனீவாவில் கூடிய வழக்கறிஞர்கள் சொன்னதும் இதுதானே!

அவ்வாறு கடல் தாண்டி 1983-க்குப் பின் தமிழகம் வந்தவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்த மலையகத் தமிழர்க்கு அரசு இட்ட பெயரோ 'தாயகம் திரும்பியோர்'. இங்குப் பிறவாதவர்களும் 'திரும்பி' வந்தார்கள்! 2021 ஆகஸ்டில் தமிழக அரசு முகாம்களின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. "அகதி போச்சு, முகாம் இருக்குது" என்பது தோழன் சொன்னது.

அவனோ எங்கும் ஓடி வந்தவன் அல்லன். ஆயினும் 1987 ஜூலை 1-க்குப் பின் இந்தியாவில் பிறந்தவர்க்குப் பிறப்பால் குடியுரிமை கிடைக்கப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும். சென்ற மாதம் தேர்வுப் படிவம் நிரப்பும்போது 'நாட்டினம்' என்ற கட்டத்தருகே அவன் பேனா நின்றது. என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"நான் ஓடி வந்தது திருச்சியிலேர்ந்து தஞ்சாவூருக்கு. அதுவும் பஸ்ல, டிக்கெட் எடுத்து" என்று சிரித்தான். பிறகு அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததை நிரப்பினான்.