கருவுற்ற பெண்களும் கணவரின் வன்முறையும்: அளவும் அறியும் முறையும்

பெங்களூர் மல்லேஸ்வரத்திலுள்ள கே. சி. ஜெனரல் ஆஸ்பத்திரி போன்ற அரசாங்க மருத்துவமனைகளில், பரிசோதனைக்கு வரும் கருவுற்ற பெண்களின் எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் அளவு முதலியவை குறிக்கப்படுகின்றன. இவையாவும் கருவிகளால் அறியத்தக்கவை. அப்பெண் வீட்டில் அடிபடுகிறாளா என்பதை அறிவிக்கும் கருவி ஏதுமில்லை. அதைக் கேட்டே அறிதல் வேண்டும். கேட்கும் முறை எவ்வாறோ, கிடைக்கும் கணக்கும் அவ்வாறே அமையும்.

இரண்டு கணக்குகள்

2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 வயதுவரையுள்ள, திருமணமான பெண்களில் நூற்றுக்கு 3.1 பேர் ஏதேனும் ஒரு கர்ப்பகாலத்தில் உடல் வன்முறைக்கு ஆளானவர்கள். சென்னை, வேலூர், டில்லி உள்ளிட்ட ஏழு இடங்களில் 9,938 பெண்களிடம் நடத்தப்பெற்று 2004-இல் வெளியான ஓர் ஆய்விலோ, கர்ப்பகாலத்தில் கணவனால் தாக்கப்பட்டோர் நூற்றுக்கு 18 பேர் எனக் கண்டறியப்பட்டது. அறையப்பட்டோர் 16, உதைக்கப்பட்டோர் 9, ஆயுதத்தால் தாக்கப்பட்டோர் 5.

இவ்விரண்டும் வெவ்வேறு காலத்தன. ஆராயப்பட்ட மக்களும் வேறு. எனினும் வினவிய முறையிலுள்ள வேறுபாடு கருதத்தக்கது. முதல் ஆய்வில் கர்ப்பகால வன்முறையைப் பற்றி ஒரே வினா கேட்கப்பட்டது. இரண்டாவதில் அறைதல், அடித்தல், உதைத்தல் என ஆறு செயல்கள் தனித்தனியே கேட்கப்பட்டன. ‘கொடுமை நேர்ந்ததா?’ என்றால் ‘இல்லை’ என்று சொல்லும் பெண், ‘கன்னத்தில் அறைந்ததுண்டா?’ என்று வினவும்போது ‘உண்டு’ எனக் கூறக்கூடும். அவள் பொய் சொல்லவில்லை. அறைவதைக் கொடுமையென்று அவள் எண்ணியதில்லை.

பிற நாடுகளிலும் அளவு ஒருபடித்தாயில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2005-இல் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வில், இது ஜப்பானிய நகரம் ஒன்றில் நூற்றுக்கு 1 ஆகவும், பெரு நாட்டின் மாகாணம் ஒன்றில் 28 ஆகவும் இருந்தது.

மௌனத்தின் அளவு

உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் நூற்றுக்கு 77 பேர் உதவி நாடவுமில்லை, எவரிடமும் சொல்லவுமில்லை என்று ஐந்தாம் தேசிய ஆய்வு கூறுகிறது. ஆகவே, ஓர் ஊழியரின் பதிவேட்டில் இத்தகைய பெண் ஒருவரும் இல்லையெனில், அப்பகுதியில் வன்முறை இல்லை என்று முடிவு செய்வது தவறாகும்.

விளைவுகள்

வயிற்றில் விழும் அடியால் நஞ்சுக்கொடி கருப்பையினின்று முன்னதாகவே பிரிந்து இரத்தப்போக்கு ஏற்படலாம். கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவையும் வன்முறையுடன் தொடர்புடையனவாகக் காணப்பட்டுள்ளன. அச்சமும் மனச்சோர்வும் உணவையும் உறக்கத்தையும் கெடுக்கின்றன. வெளியே செல்லத் தடுக்கப்படும் பெண் பரிசோதனைக்குத் தாமதமாக வருகிறாள். சில வேளை வராமலே போகிறாள்.

பெங்களூர் அனுபவம்

பெங்களூரின் வறிய குடியிருப்புகளில் 2005-06-இல், 16 முதல் 25 வயதுவரையுள்ள 744 மணமான பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வன்முறையை அனுபவித்தவர்கள். தொழிற்பயிற்சிக்கும் பெண்கள் குழுக்களுக்கும் சென்றவர்களிடையே வன்முறை குறைந்திருக்கவில்லை. மாறாக, மிகுதியாகவே காணப்பட்டது. பெண்ணுக்கு மட்டும் பயிற்சியளித்து, வீட்டாரைக் கருதாமல் விடுவது போதாது என்பது இதனால் விளங்கும். பின்னர் அந்நகரிலேயே ‘தில் மில்’ என்னும் முயற்சியில், கருவுற்ற மருமகளையும் மாமியாரையும் ஒருங்கே பங்குபெறச் செய்யும் முறை சோதிக்கப்பட்டது.

ஊழியர் கவனத்திற்கு

1. கணவனோ, மாமியாரோ, பேசத் தெரிந்த குழந்தையோ அருகிலிருக்கும்போது இதைக் கேட்கலாகாது. தனிமை கிட்டாவிடில் கேட்காமல் விடுவதே நன்று. தேசிய ஆய்விலும், தனிமை கிடைத்த பின்னரே, ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் இவ்வினாக்கள் கேட்கப்படுகின்றன.

2. நடந்த செயலைக் குறித்து எளிய சொற்களில் வினவுதல் வேண்டும். ‘நீ என்ன செய்தாய்?’ என்று குற்றம் சாட்டும் வினா கூடாது.

3. பொறுமையாகக் கேட்டு, சொன்னதை நம்பி, வீடு திரும்புவது அவளுக்குப் பாதுகாப்பானதா என்பதை விசாரித்தல் வேண்டும். பிறர் கண்ணில் படக்கூடிய அட்டையில் எதையும் எழுதலாகாது.

4. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ளது. அதன்படி பாதுகாப்பு அலுவலர் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு பெறலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தருவோர்மீது வழக்குத் தொடர இயலாது. மகளிர் உதவித் தொலைபேசி எண் 181. இவற்றைச் சொல்லி, முடிவை அப்பெண்ணிடமே விடுதல் முறை.

பயிற்சி வினாக்கள்

1. பதிவேட்டிலுள்ள 200 கருவுற்ற பெண்களுக்கு மேற்கண்ட இரு விகிதங்களையும் பொருத்தினால் கிடைக்கும் எண்கள் யாவை? (விடை: ஏறத்தாழ 6, 36.)

2. இவ்விரண்டிற்குமிடையே உள்ள 30 பெண்கள் ஊழியரின் கண்ணுக்குத் தெரியாமற் போவதற்குரிய காரணங்கள் யாவை?