வர்ணம் கலையாமல் ஒடுக்கெடுத்தல்

கேள்வி: ஆலங்கட்டி மழையில் என் காரின் கூரையெங்கும் ஒடுக்கு விழுந்துவிட்டது. பெயிண்ட் அடிக்காமல் நிமிர்த்த இயலுமா?
— ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: வர்ணம் வெடிக்காமலும் தகடு கூராக மடியாமலும் இருக்குமாயின், பெரும்பாலும் இயலும். கூரையின் உள்விரிப்பைக் கழற்றி, வளைந்த எஃகுக் கம்பிகளைத் தகட்டின் பின்னால் செலுத்தி, குழிவைச் சிறிது சிறிதாக உந்தி, மேற்பரப்பில் பிரதிபலிக்கும் விளக்கொளிக் கோடுகள் நேராகும்வரை பொறுமையுடன் உழைப்பதே இத்தொழிலின் சூட்சுமம். கம்பி நுழையாத இடங்களில், பசையால் ஒட்டிய சிறு குமிழைப் பற்றி வெளியிலிருந்து இழுப்பார்கள். வெந்நீர் ஊற்றும் உபாயம் பிளாஸ்டிக் பம்பருக்கே ஓரளவு பொருந்தும். தகட்டில் பரீட்சிக்க வேண்டாம். தொழிற்சாலையில் உயர்ந்த உஷ்ணத்தில் இறுக்கப்பட்ட அசல் வர்ணத்துக்கு, பட்டி பூசி மீண்டும் அடிக்கும் வர்ணம் ஈடாவது அபூர்வம். அந்த அசல் வர்ணத்தைக் காக்க, இத்தொழில் தெரிந்தவரைத் தேடி ஓசூருக்கோ பெங்களூருக்கோ அலைவது வீணன்று. ஆகவே, டிங்கரிங் சுத்தியல் படுமுன்னரே இவ்வித்தை அறிந்தவரிடம் காட்டுங்கள்.